மாலையா, சீட்டு நோட்டா?

கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டவரை எல்லோரும் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுகிறோம். 41 நாள் விரதம்: கறி இல்லை, மது இல்லை, செருப்பு இல்லை, விடியுமுன் பச்சைத் தண்ணீர்க் குளியல். சீட்டுக்கு ஆள் சேர்க்கும்போதும் “வருஷா வருஷம் மாலை போடறவர், நம்பலாம்” என்று சொல்லிவிடுகிறோம். ஆளை எடைபோட இன்னொரு வழி, யார் எப்போது கட்டினார் என்று எழுதிவைத்த பழைய சீட்டு நோட்டைப் புரட்டுவது.

விரதத்தை நான் லேசாக எண்ணவில்லை. எங்கள் தெருவுக்கு சிலிண்டர் போடும் சாமி வெறுங்காலோடு மாடி ஏறுவார். குதிகால் வெடிப்பில் ரத்தம் கசியும். அந்த உறுதி நிஜம். ஆனால் அதை ஊரே பார்க்கிறது, முடியும் நாளும் முன்பே தெரியும். மாலையைக் கழற்றிய அன்றே மதுக்கடைக்குப் போகிறவர்களும் உண்டு. நாக்கைக் கட்டுவது வேறு, அடுத்தவர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன சொல் காப்பது வேறு.

நோட்டு இந்த இரண்டாவதைக் காட்டும். 20 மாதச் சீட்டில் சீட்டுப் பணத்தை முதல் மாதமே எடுத்தவர், மீதி 19 மாதமும் தேதி தவறாமல் கட்டினாரா? ஆள் அங்கேதான் தெரிவார்.

புது ஆளுக்கு நோட்டு இருக்காது, சரி. அப்போது மாலையைக் கணக்கில் எடுப்பேன், கடைசித் தவணைகளில் சீட்டு எடுக்கச் சொல்லி.