“பழைய மரத்தைக் கொடுங்க, அறையையே புதுசாக்கித் தர்றேன்” என்று வந்தால்

தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். எட்டாம் மாதம் தொடங்கியதும் எங்கள் ஊரான பள்ளத்தூருக்கு அழைத்துவருவதாக முடிவானபோது எங்கள் கையில் இருந்தது ஐந்து வாரமும் 38,000 ரூபாயும்.

செட்டிநாட்டு வீடு என்றதும் அரண்மனையை நினைக்க வேண்டாம். ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு பங்காளிக் குடும்பத்துக்குப் பொதுவான வீடு. முகப்பு, வளவு (உள்முற்றம்), பட்டாலை எல்லாம் எல்லோருக்கும். எங்கள் பங்குக்கு வளவை ஒட்டி ஓர் இரட்டை அறை. வெளி அறையில் படுக்கை. உள் அறையில் ஆத்தா (அம்மா) கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வரில் தொடங்கி அப்பத்தா காலத்து எனாமல் தூக்குவாளி வரை தலைக்கு மேல் சாமான். அதற்கும் மேலே பரண். வெளி அறையை ஒழித்து வெள்ளையடித்து, ஒரு கட்டிலும் தொட்டிலும் போட்டால் போதும். அவ்வளவுதான் எங்கள் திட்டம்.

அந்த ஆள் வந்தது பக்கத்து வீட்டுக்கு. காரைக்குடியில் பழைய மரம் வாங்கி விற்கிறவர், கூடவே வீட்டு வேலையும் எடுத்துச் செய்கிறார். பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. அப்படியே எங்கள் அறையையும் சுற்றிப் பார்த்தவர், மற்றவர்கள் 60,000 சொன்ன வேலைக்கு 32,000 சொன்னார். ஆத்தாவைப் பார்த்து, “ஆச்சி, பிள்ளை வரப்போற வீடு, நான் லாபம் பார்க்க மாட்டேன். அந்தப் பரண் பலகையெல்லாம் கரையான் புடிச்சுக் கெடக்கு, அதை மட்டும் எடுத்துக்கிறேன். அதுக்குப் பதிலா ப்ளைவுட் அடிச்சுத் தர்றேன்” என்றார். ஒரு பலகையின் மூலையில் இருந்த செம்மண் கோட்டை விரலால் உதிர்த்தும் காட்டினார். ஆத்தா முகம் மாறிவிட்டது. கைக்குழந்தை இருக்கிற அறையில் கரையானா?

அன்றே 20,000 அனுப்பினேன். ஜிபேயில் வந்த பெயர் அவருடையது இல்லை. “மச்சான் நம்பர், அண்ணே” என்றார். துண்டுச்சீட்டுகூட வாங்கவில்லை. இதை எழுதும்போதே கூசுகிறது.

மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பதினோரு பலகையும் மினி லாரியில் ஏறிவிட்டன. ஒவ்வொன்றும் எட்டடி நீளம், ஒன்றரை அங்குலக் கனம். பர்மாத் தேக்கு. பின்னால் எங்கள் ஊர் ஆசாரி, அறையில் விட்டுப்போயிருந்த ஒரு துண்டை எடுத்துச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக் காட்டினார். “கரையான் தின்ன மரம் பொத்துனு கேக்கும் தம்பி. இது எப்படிக் கேக்குது?” கணீர் என்றது. தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுமரத்தை, கரையான் லேசில் தொடாது. அந்தச் செம்மண் கோடு பலகைக்கு மேலே ஒட்டியிருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. பரணில் கிடந்த பழைய மாமரப் பெட்டியைத் தின்ன வந்த கரையான், பலகை மேல் வழி போட்டிருக்கிறது. அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

இதைவிட வயிறு எரிந்தது தரைக்குத்தான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அந்தக் கல்லைச் சுடுவதில்லை. கண்ணாடி மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுவார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. பிறகு நடக்க நடக்கவும், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்கவும் ஏறுவது. இவர் ஆட்கள் வெள்ளையடித்தபோது சிந்திய புள்ளிகளைப் போக்க, பாத்ரூமுக்கு ஊற்றுகிற ஆசிட்டைத் தரையில் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்திருக்கிறார்கள். சிமெண்டில் ஆசிட் பட்டால் நுரைத்துக்கொண்டு மேல் அடுக்கை அரித்துவிடும். பூ இருப்பதும் அந்த மேல் அடுக்கில்தான். நான் வந்தபோது வாசல்படி ஓரம் நாலு கல் தவிர மீதியெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. சிவப்பு, செங்கல் தூளாய்க் காலில் ஒட்டியது. மத்தியானம் தூங்கி எழுந்துவந்த அப்பத்தா குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, “யாருப்பா இதுல தண்ணிய விட்டுட்டு வேற எதையோ ஊத்துனது?” என்று மட்டும் கேட்டார்.

சுவர் வேறு. பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் புட்டி என்கிற பூச்சுமாவை இழுத்துப் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல், மூன்றே வாரத்தில் அடிப்பக்கம் கொப்பளித்தது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான். அதற்கு ஆகிற செலவும் குறைவு.

கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஜன்னல் கம்பியிலும் கதவிலும் இருந்த பழைய பச்சை எனாமலை இவர்கள் வறட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்கப் பச்சைத் தூசி. நல்லவேளை, தங்கச்சி அப்போது மதுரையில். பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அந்தத் தூசி வயிற்றுப் பிள்ளைக்கும் கைக்குழந்தைக்கும் ஆகாது. உரியாமல் இருக்கிற பழைய பெயிண்டைச் சீண்டாமல் விடுவதே மேல். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், பிள்ளைத்தாய்ச்சியை அந்தப் பக்கமே விடாதீர்கள். நாங்கள் அந்த அறையை ஈரத்துணியால் துடைத்தது ஆறு தடவை.

கட்டில் வந்தது. துகள் பலகையில் மேலே தேக்கு நிறத் தாள் ஒட்டிய கட்டில். தொட்டில் வரவே இல்லை.

இதற்குள் சென்னையில் இருக்கிற சித்தப்பாவிடமிருந்து போன். “பரண் பலகை பொதுச் சொத்துப்பா. யாரைக் கேட்டுக் கொடுத்தே?” நியாயமான கேள்வி. அறை எங்கள் பங்கு; உத்தரமும் பலகையும் கதவும் நிலையும் ஏழு புள்ளிக்கும் பொது. அந்த ஆளுக்கும் இது தெரியும். இந்தப் பக்கத்து வீடுகளில் புழங்குகிறவர்தானே. நான் வாயைத் திறந்து புகார் சொன்னால் பங்காளிகளுக்குள் சண்டை வரும், அதனால் பேசாமல் இருந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார் என்பது என் எண்ணம். நான் முதலில் பங்காளிகளிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் திட்டினார்கள். நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ரசீது இல்லாத எனக்குக் கைகொடுத்தது ஜிபே பதிவும், அவர் வாட்ஸப்பில் அனுப்பிய “பலகை 11 எடுத்தாச்சு அண்ணே” என்ற குரல் பதிவும்தான். வேலை தொடங்குமுன் அறையைப் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தால் தரைக்கும் ஆதாரம் இருந்திருக்கும். தங்கச்சிக்கு அனுப்ப எடுத்த ஒரே ஒரு போட்டோவில் கால்வாசித் தரை தெரிகிறது.

மீதி 18,000-இல் நாங்களே செய்துகொண்டோம். புட்டியைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். தரைக்குக் கோரைப்பாய். தொட்டிலுக்குப் பதில், உத்தரத்தில் ஏற்கெனவே இருந்த இரும்பு வளையத்தில் தூளி. 25 கிலோ அரிசி மூட்டையை இரண்டு நாள் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்த பிறகுதான் ஆத்தா தன் பழைய நூல்சேலையைக் கொடுத்தார். நானும் அப்பச்சியும் (அப்பா) ஆடிய வளையமாம் அது.

போன வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மினி லாரி வந்து ஐந்து பலகையை முகப்பில் இறக்கிவிட்டுப் போனது. அதில் ஒன்று எங்களுடையது இல்லை. மீதியைப் பற்றிக் கேட்டால் “நாளைக்கு, அண்ணே” என்கிறார்.