முதலாண்டுப் பாடநூல்: திறந்த நூலா, பில்லில் சேர்ந்து வரும் மின்னூலா?

அமெரிக்கக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம் எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். புத்தகச் செலவுதான் வகுப்பு தொடங்கும் வாரத்தில் வந்து நிற்கும். ஒரே பாடத்துக்கு 100, 200 டாலர் என்பது அங்கே சாதாரணம். இந்தச் சுமையைக் குறைக்கக் கல்லூரிகள் இன்று இரண்டு வழிகளில் போகின்றன. இரண்டுமே ‘மலிவு’ என்று சொல்லப்படுவதால் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒன்று வாடகை வீடு, மற்றது சொந்த வீடு.

வாடகைக்கு ‘இன்குளூசிவ் அக்சஸ்’ என்று பெயர். பதிப்பகத்தின் மின்னூல் விலை செமஸ்டர் பில்லிலேயே சேர்ந்துவிடும். 2016-ல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மத்திய அரசின் விதி இதற்கு இடம் தருகிறது. விலை சந்தையைவிடக் குறைவாக இருக்க வேண்டும், வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். முதல் நாளே புத்தகம் கைக்கு வருகிறது, நிதியுதவிப் பணத்திலேயே கழிந்தும் விடுகிறது. கையில் காசில்லாத மாணவருக்கு இது பெரிய உதவி, மறுக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலும் செமஸ்டர் முடிந்ததும் நூல் பூட்டிக்கொள்ளும். பழைய புத்தகமாக விற்கவும் முடியாது, அடுத்த வருடம் வரும் தம்பிக்குக் கொடுக்கவும் முடியாது.

திறந்த பாடநூல் அப்படியில்லை. ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடநூல் திட்டமான ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012-ல் இயற்பியல், சமூகவியல் நூல்களோடு தொடங்கியது. இணையத்தில் படிக்கலாம், பிடிஎஃப் இறக்கி வைத்துக்கொள்ளலாம், பைசா செலவில்லை. அவர்களுடைய நூல்கள் பலவற்றுக்கும் உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்படி, மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு ஆசிரியர் அத்தியாயங்களை வெட்டலாம், சேர்க்கலாம், தன் ஊர் உதாரணங்களைப் போட்டுக்கொள்ளலாம். விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இந்தச் சுதந்திரம்தான்.

இலவசம் என்றால் தரம் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஜான் மக்மரியின் கதையைச் சொல்வேன். அவருடைய கரிம வேதியியல் நூல் பல பதிப்புகளாக விலைக்கு விற்ற, கல்லூரிகள் நம்பிப் பயன்படுத்திய நூல். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயால் 2019-ல் இறந்த தன் மகன் பீட்டரின் நினைவாக, அதன் பத்தாம் பதிப்பை 2023-ல் ஓப்பன்ஸ்டாக்ஸ் வழியாக எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்.

சரி, திறந்த நூல் எங்கே தோற்கிறது? வீட்டுப்பாடத்தில். பதிப்பகத் தொகுப்பில் கணக்குகளைத் தானே திருத்தி மதிப்பெண் போடும் மென்பொருளும் சேர்ந்தே வருகிறது. முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் அதை விட்டுக்கொடுக்க எந்த ஆசிரியரும் தயங்குவார். கணிதத்துக்கு மைஓப்பன்மேத் என்ற இலவச ஏற்பாடு இருக்கிறது. அப்படி ஒன்று அமையாத பாடத்தில், நூல் இலவசமாக இருந்தும் வீட்டுப்பாடத்துக்காக மாணவர் காசு கட்ட வேண்டி வரலாம். மேல்வகுப்பின் நுணுக்கமான பாடங்களுக்குத் திறந்த நூல்களும் குறைவு. அங்கே பேரம் பேசி விலை குறைத்த மின்னூலே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இன்னொன்று, திறந்த நூல் மாணவருக்குத்தான் இலவசம். அதைத் தன் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றும் ஆசிரியரின் கோடை விடுமுறை அதில் போய்விடும். அந்த உழைப்புக்கு ஊதியமோ வகுப்புச் சுமையில் குறைப்போ தராத கல்லூரியில் திறந்த நூல் ஓரிருவரின் ஆர்வத்தில் ஓடி, அவர்கள் போனதும் நின்றுவிடும். ஆனால் கல்லூரி முனைந்தால் திறந்த நூல்களைக் கொண்டு முழுப் பட்டமே சாத்தியம். வர்ஜீனியாவின் டைட்வாட்டர் சமுதாயக் கல்லூரி 2013-ல் வணிக நிர்வாகத்தில் பாடநூல் செலவே இல்லாத இரண்டாண்டுப் பட்டத்தைத் தொடங்கியது.

ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளின் பொதுப் பாடங்களுக்கு என் ஓட்டு திறந்த நூலுக்கே. பில்லில் ஏற்கெனவே மின்னூல் கட்டணம் வந்துவிட்டதா? விலகும் கடைசித் தேதியைப் பாருங்கள். விலகுவதற்கு முன் ஆசிரியரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வீட்டுப்பாட மதிப்பெண் அந்த மின்னூலுக்குள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று. உள்ளே இருந்தால், விலகியவருக்கு அந்த மதிப்பெண்ணும் போய்விடும்.