அஞ்சு வருஷமா எலிஸ்பாட் ஓட்டுறேன், என் அனுபவம்

சென்னையில ஒரு லேப்ல அஞ்சு வருஷமா எனக்கு இதே வேலைதான், டிபி கிருமியோட ஆன்டிஜனை (அதோட அடையாளப் புரதத்தை) அடையாளம் கண்டுக்குற டி செல், அதாவது நோயை எதிர்க்குற ஒரு வகை வெள்ளணு, ரத்தத்துல எவ்ளோ இருக்குன்னு எண்றது. அதை எண்ணுற எலிஸ்பாட் (ப்ளேட்ல புள்ளியா எண்றது), ஃப்ளோல ஐசிஎஸ் (செல்லை ஒவ்வொண்ணா லேசர் முன்னால ஓடவிட்டு உள்ள இருக்குற புரதத்தைப் பாக்குறது), டெட்ராமர் (அந்த டி செல்லு மேல மட்டும் நேரா ஒட்டிக்குற சாயம்) மூணும் ஓட்டிப் பாத்தாச்சு, இன்னைக்கும் கை தானா எலிஸ்பாட் பக்கம்தான் போகுது.

1983ல வந்த பழைய டெக்னிக்தான், ஆனா லட்சத்துல அஞ்சாறு செல் வேலை செஞ்சாலும் காட்டிக் குடுத்துடும். ப்ளேட்ல ஒரு குழிக்கு 2 லட்சம் செல், கூட இசாட்-6ங்கிற டிபி புரதத்தோட துண்டுங்க, 37 டிகிரில ஒரு ராத்திரி, இன்டர்ஃபெரான் காமாங்கிற சிக்னல் புரதத்தை விடுற ஒவ்வொரு செல்லும் உக்காந்த இடத்துலயே ஒரு தடம் விட்டுடும், மறுநாள் கலர் ஏத்துனா ஊதாவா கோலப்புள்ளி கணக்கா எழும்பி வரும். ராத்திரி பூரா ப்ளேட் அசையக் கூடாது. ஒருநாள் ஜூனியர் பையன் மீடியா எடுக்கப் போயி இன்குபேட்டர் கதவைப் படார்னு சாத்திட்டான், காலையில பாத்தா புள்ளிக்கெல்லாம் வால் முளைச்சிருக்கு, ப்ளேட் குப்பைக்குப் போச்சு.

குறை இல்லாம இல்ல, புள்ளி வச்சது டி செல்லோட ரெண்டு வகைல சிடி4ஆ சிடி8ஆன்னு இதுல தெரியாது, அதுக்கு ஐசிஎஸ் தான், ப்ரெஃபெல்டின்ங்கிற மருந்து போட்டு சைட்டோகைனை (இன்டர்ஃபெரான் மாதிரி சிக்னல் புரதங்களை) செல்லுக்குள்ளயே அடைச்சு வச்சிட்டா ஒரே செல்லுல மூணு நாலு சைட்டோகைன் பாக்கலாம், ஆனா செல்லும் நிறைய வேணும், காம்பென்சேஷன் (ஒரு சாயத்தோட வெளிச்சம் இன்னொண்ணுல கசியறதைக் கழிக்கிறது) போட்டே பாதி நாள் போயிடும். டெட்ராமர் அழகான சரக்கு, ஸ்டிமுலேட் பண்ணவே வேணாம், ஆனா ஆளோட எச்எல்ஏ டைப் (ரத்த க்ரூப் மாதிரி, செல்லு மேல இருக்குற பரம்பரை அடையாளம்) பொருந்தணும். சுலபமா கிடைக்கிறது ஏ-02:01, நம்ம ஆளுங்ககிட்ட ஏ-2ன்னு டைப்பிங் வந்தாலும் உள்ள போய்ப் பாத்தா பல பேருக்கு அதுலயே வேற உட்பிரிவு, 02:11. காசு போச்சு.

ஆனா இது எதுவுமே பெரிய தலைவலி இல்லங்க, ரத்தம் வந்து சேர்ற விதம்தான் தலைவலி. ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் போட்ட ட்யூபை ஐஸ்ல வச்சு அனுப்புவாங்க, கெட்டுப்போகாதுன்னு நெனப்பு, பால் பாக்கெட்டா இது? குளுந்த ரத்தத்தை செல்லைப் பிரிக்கிற ஃபைகால் திரவத்து மேல விட்டுச் சுத்துனா கீழ எறங்க வேண்டிய கிரானுலோசைட் (வேற வகை வெள்ளணு) எல்லாம் மேல நமக்கு வேண்டிய டி செல் இருக்குற ஆடைல வந்து ஒட்டிக்கும், டி செல்லும் மந்தமாயிடும். சரி ரூம் டெம்பரேச்சர்ல அனுப்புங்கன்னா, கத்திரி வெயில்ல ஆட்டோக்குள்ள என்ன ரூம் டெம்பரேச்சர்? கடைசில நாங்களே 20 டிகிரில வச்ச ஜெல் பேக்கோட தெர்மோகோல் டப்பா குடுத்து விட்டோம், மேல 'ஐஸ் வைக்காதீங்க'ன்னு கொட்டை எழுத்துல ஒட்டி. போன வாரம் டப்பாவைத் தொறந்தா, ஜெல் பேக் மேல ரெண்டு கட்டி ஐஸ்.