ஒருவர் பழக்குவதா, வீடே பழக்குவதா, வெளியாளிடம் விடுவதா?

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த வாரமே இந்தப் பேச்சு தொடங்கிவிடும்: இதை யார் பழக்குவது? ஒருவர் மட்டும் பொறுப்பெடுக்கலாம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து பழக்கலாம். பயிற்சியாளரிடம் சில வாரம் விட்டு வைக்கலாம். செலவையும் நேரத்தையும் வைத்து இவற்றை ஒப்பிடுவது வழக்கம். நான் முதலில் பார்ப்பது வேறு: யார் எதிரே நின்றாலும், நாய் செய்யும் ஒரு செயலுக்குக் கிடைக்கும் பலன் ஒன்றாகவே இருக்கிறதா?

ஆள்மேல் தாவும் பழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்; நாலு காலும் தரையில் பட்ட பிறகுதான் தடவிக்கொடுக்கிறார். அப்பா "போதும், போதும்" என்று சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் கழுத்தைத் தேய்த்துவிடுகிறார். பையன் கத்துகிறான். அந்தக் கத்தலும் பல நாய்களுக்கு ஒரு கவனிப்புதான். இதிலிருந்து நாய் தெரிந்துகொள்வது, தாவினால் எப்போதாவது பலிக்கும் என்பதை. எப்போதாவது பரிசு கிடைத்துப் பழகிய செயல், ஒவ்வொரு முறையும் கிடைத்துப் பழகியதைவிட, பரிசு நின்ற பிறகும் நெடுநேரம் நீடிக்கும். எலிகளையும் புறாக்களையும் வைத்து உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரும் அவர் வழி வந்தவர்களும் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். ஆக, அப்பாவின் கொஞ்சல் அம்மாவின் கண்டிப்பைப் பாதியாகக் குறைப்பதோடு நிற்கவில்லை. தாவலுக்கு உரம் போடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பலன் நின்றவுடன் செயல் குறைந்துவிடும் என்பதில்லை, சில நேரம் முதலில் கூடவும் செய்யும். தாவிய நாய் இன்னும் உயரமாகத் தாவும், குரைக்கும், சட்டையைக் கவ்வும். "இந்த முறை சரிப்பட்டு வரவில்லை" என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அப்போது ஒருவர் மனம் இளகினால் போதும், பலமாகத் தாவினால்தான் வேலை நடக்கும் என்று நாய் முடிவு கட்டிவிடும்.

இப்போது மூன்று வழிகளுக்கு வருவோம்.

புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுக்க ஒற்றை ஆள் வழிதான் சிறந்தது. குரல், கையசைவு, பரிசாகத் தின்பண்டம் கொடுக்கும் நொடி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இது சின்ன விஷயமில்லை: பழகிய கட்டளைச் சொல்லில் ஓர் ஒலியை மாற்றினாலே நாய்கள் சரியாகச் செய்வது குறைகிறது என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பலவீனமும் இங்கேதான். அந்தக் குரலோடும் அந்த இடத்தோடும் பாடம் ஒட்டிக்கொள்ளும். கூடத்தில் கச்சிதமாக உட்காரும் நாய் வாசலில் கேட்காதது போல நிற்கும். தவிர, பழக்குபவர் பத்து நிமிடம் சொல்லித்தருகிறார், மீதி நேரம் முழுக்க வீடு சொல்லித்தருகிறது.

எல்லோரும் பழக்கும் வழியில் இந்தக் குறை இல்லை. ஆனால் சொற்கள் மோதும். ஒருவருக்கு "டவுன்" என்றால் படு. இன்னொருவருக்கு சோஃபாவை விட்டு இறங்கு. ஏற்கெனவே தரையில் படுத்திருக்கும் நாயைப் பார்த்து மூன்றாமவர் "டவுன்" என்று அதட்டினால் அது என்னதான் செய்யும்? பேசி முடிவெடுக்காமல் இந்த வழியில் இறங்குவது மூன்றிலும் மோசம் என்பேன்.

பயிற்சியாளரிடம் விட்டுவரும் வழியைப் பற்றி நீட்ட எதுவுமில்லை. கை தேர்ந்தவர் என்றால் நாய் நன்றாகவே கற்கும். ஆனால் திரும்பி வருவது அதே அப்பாவிடம், அதே கழுத்துத் தேய்ப்புக்கு. காசு செலவழிப்பதென்றால், நாயோடு உங்களையும் நிற்கவைத்துச் சொல்லித்தரும் வகுப்புக்குச் செலவழியுங்கள். கடிக்கும் நாய், மிரண்டு போன நாய் விஷயம் வேறு. அதற்குக் கால்நடை மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும்.

சீராகப் பழக்குவது என்றால் தினமும் பழக்குவது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2008இல் வெளியான ஆய்வொன்றில் 18 பீகிள் நாய்களில் ஒரு பிரிவுக்கு வாரம் ஐந்து நாளும், மற்றதற்கு வாரம் ஒரு நாளும் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். வாரம் ஒரு நாள் பழகியவை குறைவான அமர்வுகளிலேயே கற்றுவிட்டன. நாள்கணக்கில் பார்த்தால் மற்றவை முந்தின. ஆக, ஒரு நாள் பயிற்சி விட்டுப்போனால் குடி முழுகிவிடாது. ஒரு நாள் விதி விட்டுப்போவதுதான் தொந்தரவு.

என் தேர்வு கலவைதான். ஒவ்வொரு கட்டளையையும் ஒருவர் தொடங்கட்டும். அவரிடம் பிசகாமல் செய்ய ஆரம்பித்ததும் அடுத்தவர் அதே சொல், அதே கையசைவோடு அவர் பக்கத்தில் நின்று சொல்லிப் பார்க்கட்டும். பிறகு அறை மாற்றி, வாசலில், தெருவில். சொற்களின் பட்டியலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். சோஃபாவில் ஏறலாமா கூடாதா என்பது உங்கள் இஷ்டம்; கூப்பிட்டால் மட்டும் ஏறலாம் என்பதும் நல்ல விதிதான், எல்லோரும் கூப்பிட்ட பிறகே ஏற விடுவதாக இருந்தால்.

காப்பாற்ற முடியாத விதியைப் போடாதீர்கள். சாப்பாட்டு மேசைக்கடியில் தாத்தா எதையாவது நழுவவிடத்தான் போகிறார். அவரோடு சண்டை பிடிப்பதைவிட, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, நாய்க்கு ஆகக்கூடியதை அதன் கிண்ணத்தில் போடும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.