வாசலில் வசூலா, சவாரியில் வசூலா? ரோலர்கோஸ்டர் டைகூன் 2-இல் இரு வகைப் பூங்காக்கள்

கேளிக்கைப் பூங்காவைக் கட்டி நடத்தும் கணினி விளையாட்டான, கிறிஸ் சாயர் உருவாக்கிய ரோலர்கோஸ்டர் டைகூன் 1999-இல் வெளிவந்தபோது, நுழைவுக் கட்டணம், சவாரிக் கட்டணம் ஆகிய இரண்டையும் ஒரே பூங்காவில் வசூலிக்க முடிந்தது. 2002-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த வசதி இல்லை. வாசலில் பணம் வாங்கிக்கொண்டு சவாரிகளை இலவசமாக விடுவதா, வாசலைத் திறந்து வைத்துவிட்டு ஒவ்வொரு சவாரிக்கும் பணம் வாங்குவதா என்பதை அந்தந்த சினேரியோவே, அதாவது தனி இலக்குடன் நமக்குத் தரப்படும் பூங்காவே, தீர்மானித்துவிடுகிறது. பலர் இவ்விரண்டையும் ஒரே விதமாகக் கட்டிவிட்டு, ஒன்றில் பணம் குவிவதையும் மற்றொன்றில் வருமானம் திடீரென்று வற்றுவதையும் பார்த்துக் குழம்புகிறார்கள்.

சவாரிக்குக் கட்டணம் வாங்கும் பூங்காவில் வருமானம் உள்ளே இருப்பவரின் சட்டைப்பையிலிருந்து வருகிறது. அவர் எவ்வளவு நேரம் தங்கினாலும் நமக்கு ஆதாயமே. கையிருப்பு தீர்ந்தால் ஏடிஎம் வைத்து மீண்டும் நிரப்பிவிடலாம். ஆகவே இங்கே முதன்மையானது சவாரியின் தரமும், அது ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறது என்பதும்தான். ஒரே ரயில் ஓடும் ரோலர் கோஸ்டரில் வரிசை பாதை நெடுக நீண்டு, நிற்பவர்கள் வெகுநேரமாகக் காத்திருப்பதாக முணுமுணுக்கத் தொடங்கினால், அந்த வரிசை முழுவதும் நாம் இன்னும் வாங்காத பணம் என்றே கொள்ள வேண்டும். ரயில்கள் மோதாதபடி தடத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் பிளாக் பிரேக் வைத்து ரயில்களைக் கூட்டுவதும், நிலையத்தில் ரயிலின் குறைந்தபட்சக் காத்திருப்பு நேரத்தைக் குறைப்பதும் புதிதாக ஒரு சவாரி கட்டுவதைவிடச் சிக்கனமான வழி. கட்டணத்தைப் பொறுத்தவரை, பார்வையாளர்களின் எண்ணங்களைக் காட்டும் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இவ்வளவு கொடுக்க மாட்டேன் என்ற எண்ணம் தலைகாட்டும் வரை பத்துப் பத்துப் பென்ஸாக ஏற்றிப் பார்ப்பதே போதும். புதிய சவாரிக்கு மதிப்பு அதிகம். வயதாக ஆக அது சரியும். ஒரே வகைச் சவாரியை இரண்டாவதாகக் கட்டினாலும் மதிப்பு அடிபடும். எனவே பழைய கோஸ்டரை இடித்துவிட்டு அதே இடத்தில் மீண்டும் எழுப்புவது வீண்செலவுபோலத் தோன்றினாலும், பல சமயங்களில் போட்ட பணத்தை எடுத்துவிடுகிறது.

நுழைவுக் கட்டணப் பூங்காவில் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஒருவர் ஒரு முறைதான் பணம் தருகிறார். அதன்பின் அவர் எத்தனை சவாரி செய்தாலும் அதனால் வரவு இல்லை. திறந்திருக்கும் சவாரிகளின் எண்ணிக்கையையும் வகையையும் கொண்டு, பூங்கா தாங்கக்கூடிய கூட்டத்துக்கு ஆட்டம் உள்ளுக்குள் ஒரு வரம்பை வைத்திருக்கிறது. கூட்டம் அந்த வரம்பை எட்டியதும் புதியவர்களின் வருகை மெலிந்துவிடும். உள்ளே மகிழ்ச்சியாக இருப்பவர்களோ எளிதில் வெளியேற மாட்டார்கள். பூங்கா நிரம்பி வழியும்போதே கல்லா காலியாக இருக்கும் விசித்திரம் இதனால்தான் நேர்கிறது. சவாரியின் பிரம்மாண்டம் இந்த வரம்பை உயர்த்துவதில்லை என்பதால், பூங்காவுக்காக வாங்கிய கடனில் பாதியை விழுங்கும் ஒற்றைக் கோஸ்டரைவிட, வகைக்கு ஒன்றாகச் சிறிய சவாரிகள் பலவற்றை அமைப்பதே தொடக்கத்தில் புத்திசாலித்தனம். அதே வேளையில் வாசலில் எவ்வளவு கேட்கலாம் என்பது உள்ளே உள்ள சவாரிகளின் மொத்த மதிப்பைப் பொறுத்தது என்பதால், நல்ல கோஸ்டர்களும் பின்னர் தேவைப்படும். ஒரு சவாரியைச் சேர்த்ததும் நுழைவுக் கட்டணத்தை உயர்த்த மறப்பவர்கள் இங்கே நிறைய இழக்கிறார்கள்.

விளம்பரத்தின் பயனும் இரண்டிலும் ஒன்றல்ல. விளம்பரத்தால் வருபவர்கள் அந்த வரம்புக்குக் கட்டுப்படாமல் தனிக்கணக்கில் வருவதால், நுழைவுக் கட்டணப் பூங்காவில் அவர்கள் ஒவ்வொருவரும் உடனடி வரவு. ஆனால் இலவச நுழைவுக் கூப்பனை அங்கே விநியோகிப்பது நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதாகும். நுழைவுக் கட்டணப் பூங்காவில் சவாரிக்குச் செலவில்லாததால் பார்வையாளர்கள் கையில் பணம் மிஞ்சியிருக்கும். சவாரிப் புகைப்படம், உணவு, பானம் ஆகியவற்றின் விலையை அங்கே கவனித்து நிர்ணயிக்க வேண்டும். மழை வந்தால் குடை விலையை எந்தப் பூங்காவிலும் கூச்சமின்றி ஏற்றலாம், அது வேறு.

இரண்டில் எது எளிது என்றால், சவாரிக் கட்டணப் பூங்காவே; ஒரு தவறு செய்தாலும் அடுத்த சவாரியில் ஈடுகட்டிக்கொள்ளலாம். திட்டமிடும் சுவை நுழைவுக் கட்டணப் பூங்காவில்தான் கூடுதல் என்பது என் கருத்து. இரண்டும் அனுமதிக்கப்பட்ட முதல் பாகத்தில்கூட இரட்டை வசூல் அவ்வளவு லாபமல்ல. வாசலில் பணம் கொடுத்தவர் சவாரிக்குத் தரச் சம்மதிக்கும் தொகை வெகுவாகக் குறைந்துவிடும். அதன் முதல் சினேரியோவான ஃபாரஸ்ட் ஃபிரான்டியர்ஸ் முதலாண்டு அக்டோபர் முடிவில் 250 பார்வையாளர்களையும் 600 பூங்கா மதிப்பீட்டையும் மட்டுமே கேட்பதால், அங்கே வாசலை இலவசமாக விட்டுவிட்டுச் சவாரிகளில் வசூலிப்பதே பொருத்தம்.