அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு: எதை வீட்டில் நிறுத்துவது?

பழைய கார் ஒன்று வாங்கி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் நம்மூரில் இந்த மூன்றைச் சுற்றித்தான் வருவார்கள். மூன்றுமே வெளிநாட்டில் பிறந்து இங்கே வளர்ந்தவை. அம்பாசிடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. பம்பாய் குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100. பெயர் மாறிய பிறகும் நமக்கு அது ஃபியட்தான். ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் வண்டலூரிலேயே தயாரான ட்ரையம்ஃப் ஹெரால்டு.

குடும்பத்தோடு ஊருக்குப் போக வேண்டுமென்றால் யோசிக்கவே வேண்டாம், அம்பாசிடர். பின் சீட்டில் மூன்று பேர் தோள் உரசாமல் உட்காரலாம். பின்னால் பட்டை ஸ்பிரிங்; எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும். உதிரி பாகமும் வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பதில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வர முடியாது. ஆனால் ஸ்டியரிங் கனம், நெரிசலில் தோள் வலிக்கும்.

ஃபியட் அளவான வண்டி. 1089 சிசி இன்ஜின், கையருகே கியர், லேசான ஸ்டியரிங். பம்பாயில் டாக்சியாகவே 2023 அக்டோபர் வரை ஓடியது என்றால் அதன் உழைப்பைப் பற்றி நான் வேறு என்ன சொல்ல?

என் மனம் போவது ஹெரால்டிடம்தான். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. மற்ற இரண்டும் உருண்டு திரண்டு நிற்க, இது மட்டும் கூர்மையான கோடுகளோடு, கண்ணாடி நிறைந்து, வெளிச்சமாக இருக்கும். 1959-இல் இங்கிலாந்தில் வந்தபோது பெரும்பாலான கார்கள் சேஸியும் (வண்டியின் அடிச்சட்டம்) பாடியும் ஒன்றான கட்டமைப்புக்கு மாறியிருந்தன. இதற்கோ தனி சேஸி, அதன் மேல் போல்ட் போட்டு இணைத்த பாடி. பாடி செய்து தந்துகொண்டிருந்த நிறுவனம் போட்டியாளர் கைக்குப் போய்விட்டதால் எடுத்த முடிவு அது.

அதனால் கிடைத்த வசதியைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முன் சக்கரங்களுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள கொக்கிகளை விடுவித்தால் பானெட், மட்கார்டு, விளக்கு எல்லாமாக முன்பக்கமே அப்படியே முன்னோக்கிச் சாயும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே கார்பரேட்டரைக் கழற்றலாம். திருப்பமோ, 25 அடி வட்டம் போதும்!

குறை இல்லாமல் இல்லை. 948 சிசி இன்ஜின் மேட்டில் மூச்சு வாங்கும். பின் சக்கரங்கள் தனித்தனியாக அசையும் அமைப்பு என்பதால் வேகமாக வளைத்தால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். அதே ஸ்டாண்டர்டு நிறுவனத்திலிருந்து பிறகு வந்த கேஸல் காரில் அதை மாற்றிவிட்டார்கள். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உண்டு, கிடைத்தால் விடாதீர்கள்.

ஹெரால்டு பார்க்கப் போனால் பெயின்டில் மயங்கிவிடாமல் முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சேஸியிலிருந்து பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகளை ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் துரு. விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.