தைபேயில் ஒரு நாள் மிச்சமா? பெய்தோவுக்குப் போங்கள்

தைபேயின் வெந்நீர் ஊற்றுப் பகுதி அது. மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் பெய்தோ வரை போய், அங்கே மாறி ஒரே ஒரு நிறுத்தம் ஓடும் குட்டி ரயிலில் சின்பெய்தோ நிலையத்தில் இறங்கினால் வெந்நீர் ஊற்றுகள் நடை தூரம்தான். டூர் வண்டி, கைடு எதுவும் தேவையில்லை, காசு மிச்சம்.

காலையிலேயே மலையை முடித்துவிடுவது நல்லது. பஸ் பிடித்து யாங்மிங்ஷான் தேசியப் பூங்காவில் ஷியாவ்யோகெங் என்ற இடத்துக்குப் போய், அங்கிருந்து 1,120 மீட்டர் உயர ச்சிஷிங் மலைக்கு ஏறலாம். முழுக்கக் கல் படிகள், முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதையோரம் மஞ்சள் கந்தகம் படிந்த பாறை இடுக்கில் புஸ்ஸென்று நீராவி கிளம்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அழுகிய முட்டை நாற்றம் சட்டையிலேயே ஒட்டிக்கொள்ளும்! உச்சியில் மேகம் சூழ்ந்துவிட்டால் ஒன்றும் தெரியாது, அது உங்கள் அதிர்ஷ்டம்.

அப்புறம் கீழே பெய்தோவுக்கு வந்து பொது வெந்நீர்க் குளியல். திறந்தவெளியில் படிப்படியாகத் தொட்டிகள், மேலே போகப்போகச் சூடு அதிகம். உச்சித் தொட்டியில் நான் கால் வைத்த வேகத்தில் எடுத்தேன், பக்கத்தில் ஒரு தாத்தா கழுத்தளவு நீரில் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்! நீச்சலுடை கட்டாயம், தொளதொள அரைக்கால் சட்டை செல்லாது. நடுநடுவே சுத்தம் செய்ய மூடுவார்கள், நேரம் பார்த்துப் போங்கள். கட்டணம் சொற்பம், அதனால் கூட்டமும் உண்டு. தனிமை வேண்டுமென்றால் ஓட்டல் அறைக்குளியல்தான்.

1913இல் குளியல் கூடமாகக் கட்டிய பெய்தோ வெந்நீர் ஊற்று அருங்காட்சியகத்துக்கு அனுமதி இலவசம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அருங்காட்சியகமும், பக்கத்திலுள்ள ஆவி பறக்கும் வெந்நீர்ப் பள்ளத்தாக்கும் மூடியிருக்கும்.